வீசிங்தான், ஆஸ்துமா இல்லை

லீட்ஸ் நகரத்தில் காலையில் என்னிடம் முதலில் பேசுவது என் கணவர் அல்ல, என் கைபேசி. "நேற்று இரவு இருமல் உங்களை எழுப்பியதா?" என்று அதிலுள்ள ஆஸ்துமா செயலி கேட்கும். பதில் சொன்ன பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதி, முள் ஏறி நிற்கும் எண்ணைப் பதிய வேண்டும். தினமும் எடுக்கவேண்டிய பழுப்பு நிற இன்ஹேலரை எடுத்தாயிற்றா, மூச்சு முட்டும்போது மட்டும் எடுக்கும் நீல நிறத்தை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கேள்விகள் தொடரும். எல்லாம் சரியென்றால் திரை பச்சை, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. மறந்தால் மணியடிக்கும். பதிவுகள் எங்கள் பகுதி கிளினிக்கின் நர்ஸுக்குப் போய்ச் சேரும். இருபத்தைந்து வயதுவரை யாருக்கும் தெரியாமல் பொத்திவைத்திருந்ததை, இப்போது பல் துலக்கும் முன்பே ஒரு கருவியிடம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில்தான் அந்த நர்ஸைப் பார்த்தேன். எவ்வளவு காலமாக ஆஸ்துமா என்று கேட்டாள். "எனக்கு ஆஸ்துமா இல்லை, வீசிங் மட்டும்தான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் ஜோக் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீசிங் என்பது நெஞ்சில் கேட்கும் சத்தம், நோயின் பெயர் ஆஸ்துமா என்று குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். அது எனக்குத் தெரியாமலா? திருச்சியில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு கல்யாணம் இருக்கிறது என்பதை அவளுக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

எங்கள் வீடு புத்தூரில். சுற்றிலும் ஆஸ்பத்திரிகள். ஆனாலும் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அம்மா தென்னூருக்குத்தான் ஆட்டோ பிடிப்பாள். புத்தூர் டாக்டர்களிடம் போனால் வரிசையில் தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும். நெபுலைசரில் மருந்தை இழுத்துவிட்டுத் திரும்பும்போது, "யாராச்சும் கேட்டா ஹிந்தி கிளாஸுக்குப் போயிட்டு வரோம்னு சொல்லு" என்பாள். அப்பா இல்லாத வீடு, இரண்டு பெண்கள். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்ஹேலர் பழகினால் விடமுடியாது, பெயர் கெட்டுவிடும் என்று அதை எங்கள் கைக்கே வரவிடவில்லை. என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. லீட்ஸில் ஒரு நாள் பனியில் நான் மூச்சுக்குத் தவித்தபோதுதான் என் கணவருக்கு விஷயம் தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நல்ல மனிதர். முன்னாடியே சொல்லியிருந்தால் நான் இந்த வீட்டில் இருந்திருப்பேனா என்று அவரிடம் இதுவரை கேட்டதில்லை.

தங்கை கவிதாவுக்கும் அதே மூச்சுதான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், தென்னூரில் ஒரு வங்கியில் வேலை. சம்பாதிக்க ஆரம்பித்ததும் நீல இன்ஹேலரைத் தானே வாங்கிக் கைப்பையின் அடியில் ஒளித்துவைத்திருந்தாள். தினமும் எடுக்கும் மருந்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். டாக்டரைப் பார்த்தாள், மருந்தைத் தொடங்கினாள், என்னுடையதைப் போலவே ஒரு செயலியையும் இறக்கிக்கொண்டாள். முதலில் மஞ்சளும் சிவப்புமாக இருந்த அவள் மாதம் மெல்லப் பச்சையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டை உச்சியிலிருந்து போட்டோ அனுப்பினாள். கூடவே குரல் பதிவு: "அக்கா, எங்கயும் உக்காராம ஏறிட்டேன்!" பின்னால் காற்றின் இரைச்சல், அவளுடைய சிரிப்பு. நெஞ்சில் விசில் இல்லை.

போன மார்கழியில் அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பிரபு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பொங்கல் முடிந்ததும் நிச்சயதார்த்தம் என்று முடிவாகி, நான் லீவு போட்டு வந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளட்டும் என்று, துணைக்கு என்னையும் சேர்த்து, சித்திரை வீதிப் பக்கம் ஒரு காபிக் கடைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் போகும்போதே கவிதா, "அவர்கிட்ட சொல்லிடப் போறேன்க்கா. நீ குறுக்க பேசாத" என்றாள்.

சொன்னாள். செயலியைத் திறந்து மூன்று மாதப் பச்சையையும் காட்டினாள்.

"இதுல என்னங்க இருக்கு? எனக்குக்கூட ஒத்தத் தலைவலி வரும்" என்றார் பிரபு. திரையை ஆர்வமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்காங்க. எனக்கும் அனுப்பிவிடுங்க, நானும் பாத்துக்கறேன்."

அவள் அங்கேயே அனுப்பினாள். திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தோம், அவ்வளவு கூட்டம். கவிதா என் தோளில் சாய்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் பிரபுவின் அம்மா தனியாக வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார். "நல்ல பொண்ணுங்க. எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பிரபு போன்ல காட்டினதுல ஆஸ்துமான்னு போட்டிருக்கே. பரம்பரையா வருமாமே, நாளைக்குப் பேரன் பேத்தின்னு ஒண்ணு இருக்குல்ல?" பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் இருக்காமே. நீங்க வெளிநாட்ல இருக்கீங்க, அங்க பாத்துக்கறாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பிரபு போனை எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு வரி வந்தது: "அம்மா ஒத்துக்கலைங்க. சாரி."

அம்மா என்னிடம்தான் பாய்ந்தாள். "நேத்து வரைக்கும் என் பொண்ணுக்கு வீசிங்தான்டி. உன் போனுதான் வந்து ஆஸ்துமா ஆக்கிடுச்சு!"

போகிக்கு எங்கள் தெருவில் பழைய பாயோடு டயரையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். புகை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. எனக்கு மூச்சு அடைத்தது. என் நீல இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. செயலி சிவப்பாகி, உடனே 999-க்கு அழையுங்கள் என்றது. அது பிரிட்டன் ஆம்புலன்ஸின் எண். புத்தூரில் அந்த எண்ணை யார் எடுப்பார்கள்? கவிதா கைப்பையைக் கொட்டித் தன் இன்ஹேலரை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினாள். இருமல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா டிவியைச் சத்தமாக வைத்தாள். மூச்சு திரும்பியதும் கவிதாவிடம், "நீ செஞ்சதுல தப்பே இல்ல" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலையே. உனக்கு ஃப்ளைட் இருக்குக்கா. எனக்கு இந்தத் தெருதான்."

லீட்ஸுக்குத் திரும்பியதும் நர்ஸ் அந்தச் சிவப்பு நாளைப் பற்றி விசாரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "உன் தங்கையின் நோய் கட்டுக்குள்தானே இருக்கிறது? பதிவுகளை அவர்களிடம் காட்டச் சொல்லேன்" என்றாள்.

"காட்டினாள்" என்றேன்.

"பிறகென்ன?" என்றாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சித்திரையில் தஞ்சாவூர்ப் பக்கம் இன்னொரு வரன் வந்தது. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் கவிதா என்னைக் கூப்பிட்டாள். "ஆப்பை எடுத்துட்டேன்க்கா. அம்மா சொல்லல, நானாத்தான் எடுத்தேன்."

"மருந்து?"

"பாத்ரூம்ல வச்சு எடுத்துக்கறேன்."

"கல்யாணமாகி அங்க போயும் அப்படியேவா?"

"நீ பண்ணலையா?" என்றாள். இந்த மாப்பிள்ளையிடம் கவிதா ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஒரு தடங்கலும் வரவில்லை.

வைகாசியில் கல்யாணம். மறுபடி லீவு கிடைக்கவில்லை. காலையில் எழுந்து குளித்து, பட்டுப்புடவை கட்டி, சமையலறை மேசையில் கைபேசியை நிறுத்திவைத்துப் பார்த்தேன். அங்கே சித்தி தன் போனைப் பிடித்திருந்தாள். ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற ஹோமப் புகை கவிதாவின் முகத்தில் அடித்தது. அவளுடைய தோள்கள் லேசாக ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த மண்டபத்தில் அது என்னவென்று தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். அம்மா சிரித்துக்கொண்டே வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். "சித்தி, அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கத்தினேன். நாதஸ்வரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. தாலி ஏறியது. கவிதா வாயைப் பொத்தி இருமினாள், கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

பிறகு சித்தி என்னைப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "உனக்கும் ஒரு இலை போட்டாச்சுடி" என்று, ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். பரிமாறுகிறவர் வரிசையாக வந்து என் இலையிலும் பாயசம், கூட்டு, பொரியல் எல்லாம் வைத்தார். சோற்றைப் போட்டு, குழி பறித்துச் சாம்பார் ஊற்றினார். ஆவி பறந்து திரை மங்கியது. லீட்ஸ் சமையலறையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தி எழுந்தது. யாரோ ஒரு அம்மாள் வந்து, என்னைப் பார்க்காமலேயே, தொடாத சோற்றோடு என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.