மாமாவுக்கு நான் போட்ட மதிப்பெண்

ச்சீ, என்ன மனுஷன் நான்! இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

ரங்கூனில், தாமுவே பேட்டையில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ஓட்டல்களுக்கு வரும் ஸ்பானிஷ் அழைப்புகளை எடுத்துப் பேசுவோம். புதிதாக வருகிறவர்களின் மொழியைச் சோதித்து மதிப்பெண் போடுவது என் வேலை. அக்கா புருஷன் அங்கே மனுப் போட்டார். பல வருஷம் கப்பலில் ஓடியவர். முட்டி போய்விட்டது, நின்று செய்யும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது கிடைக்காவிட்டால் ஷ்வேப்யிதாவில் செருப்பு ஃபேக்டரிதான். அங்கே பொழுதெல்லாம் நிற்க வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

மாமா ஸ்பானிஷ் கற்றது கப்பல் அடுக்களையில், பெரு நாட்டுச் சமையல்காரரிடம். தங்குதடையில்லாமல் பேசுவார். ஆனால் அந்த மொழியில் ஒவ்வொரு பொருளும் ஆணோ பெண்ணோதான். முன்னால் 'எல்' போட்டால் ஆண், 'லா' போட்டால் பெண். புத்தகத்தில் வெக்கை ஆண், 'எல் கலோர்'. மாமா 'லா கலோர்' என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன சாக்கடைப் பேச்சு என்று முகம் சுளித்தேன். சென்னையில் ஒரு கடைக்காரன் என் ரங்கூன் தமிழைக் கேட்டுச் சிரித்தபோது பற்றிக்கொண்டு வந்ததே, அது அன்று ஞாபகம் வரவில்லை. 'தகுதியில்லை' என்று எழுதினேன்.

"விடு மாப்ள, நீ படிச்ச சயா, வாத்தியாரு. நீ சொன்னா சரிதான்" என்று சிரித்துவிட்டு ஃபேக்டரிக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, பெருவின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அழைத்தார். ஓய்வுபெற்ற டீச்சராம். அறையில் ஏசி ஓடவில்லை என்று புகார். 'லா கலோர்' என்றார், நாலு தடவை. எனக்கு இனித்தது! ஆகா, மண்ணின் பேச்சு என்று பக்கத்து மேஜையில் சொல்லிப் பூரித்தேன். சொன்ன வாய் மூடுவதற்குள் மாமா ஞாபகம் வந்தது. தூ!

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடத்தான். மாமா கைலியைத் தூக்கிக்கொண்டு வீங்கிய முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள! எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். எல் கலோர். சரியா? கப்பல்காரங்க கடலைக்கூடப் பொம்பளையாத்தான் சொல்லுவோம். அதையும் மாத்திட்டேன். இனிமே எடுத்துக்குவாங்கல்ல?"

அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து ஒரு மாதமாகிறது.

"சரியாச் சொல்றீங்க, மாமா" என்றேன்.