மூன்றாவது குழு

சமூகவியல் துறை வராந்தாவில் எங்களை நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சார் ஒவ்வொரு பெயராக வாசித்த அந்தக் காலைதான் அவரை நினைத்தால் முதலில் வருகிறது. அவர் எங்கள் துறைத்தலைவர். சங்கரன்கோவிலை ஒட்டிய கல்லூரி அது. நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சிவகிரிப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சர்வே எடுக்கப் போகிறோம் என்று வாரக்கணக்காகக் குதித்துக்கொண்டிருந்தோம். வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. உள்ளேயிருந்து புளியோதரை வாசனை வந்துகொண்டிருந்தது. "மேலத்தெரு டீம்" என்று சொல்லிச் சில பெயர்களை வாசித்தார். "கீழத்தெரு டீம்" என்று இன்னும் சில. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "காலனி டீம்" என்றார். அதில் என் பெயர் இருந்தது. அவர் வாசித்து முடித்தபோது எங்கள் வகுப்பு மூன்று கும்பலாக நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாதி பார்த்துத்தான் பிரித்திருக்கிறார் என்று புரிய எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். வகுப்புக்கு ஒருநாள் பிந்தி வந்ததில்லை. யாரையும் வைததில்லை. எந்தச் சாதியின் பெயரும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. பழுப்பேறிய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொல்லிக்கொண்டு போவார், நாங்கள் எழுதிக்கொண்டு போவோம். கமா, புல்ஸ்டாப் எல்லாம் சேர்த்தே சொல்வார். முதல் வாரம் ஒருத்தி கமா என்பதையும் எழுத்தில் எழுதிவைத்துவிட்டு முழித்தாள். சாதி பற்றிய பாடம் வந்தது. அது ஒரு மூடிய அடுக்கு, பிறப்பால் வருவது, உணவுக்கும் மணத்துக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு என்று சொன்னார். உதாரணம் மட்டும் எப்போதும் வட இந்தியாவில் ஏதோ ஒரு கிராமம். ஊர் பெயர்கூடக் கிடையாது. அந்த ஊரில் யார் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், குடிக்கமாட்டார்கள் என்று எங்களுக்கு அத்துப்படி. எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

குறியீடு என்றால் என்ன என்று ஒருநாள் நடத்தினார். போக்குவரத்து விளக்கை உதாரணம் சொன்னார். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. அவருக்கு நேர் எதிரே முதல் இரண்டு பெஞ்சில் பையன்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கைகளில் கயிறு. ஒருவனுக்கு ஒரு நிறம், அடுத்தவனுக்கு வேறு நிறம். எந்த நிறம் எந்தச் சாதி என்று இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சார் அந்தக் கைகளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு போக்குவரத்து விளக்கை விளக்கினார். எங்கள் ஊரில் அப்போது போக்குவரத்து விளக்கே சரியாக எரியாது.

எனக்கு ஒரு பெஞ்சுத் தோழி இருந்தாள். கரிவலம்வந்தநல்லூரில் வயலும் கிணறும் உள்ள வீட்டுப் பெண். நான் மேலநீலிதநல்லூர் என்று சொல்லியிருந்தேன். பெரிய ஊரைச் சொல்வதில் ஒரு வசதி, எல்லாத் தெருவும் அதற்குள் அடங்கிவிடும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஒருவேளை கேட்கத் தோன்றாத அளவுக்கு எங்களுக்குப் பேச வேறு விஷயம் இருந்தது. அவள் டிபன் பாக்ஸில் நான் கைவைப்பேன், என்னுடையதில் அவள். "இந்த ஆடித்தபசுக்கு எங்க வீட்டுலதான் தங்குத, சொல்லிட்டேன்" என்று பலமுறை சொல்லியிருந்தாள். அந்தத் திருவிழாவுக்கென்று நான் ஒரு தாவணியை எடுத்துவைத்திருந்தேன். என் வாழ்க்கையில் தெரு கேட்காமல் கிடைத்த முதல் சிநேகிதம் அது. அது என்னிடம் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

வராந்தாவில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், அவளும் நானும் ஒண்ணாப் போறோம் சார். ரெண்டு பேரும் சேந்துதான் கேள்வி எல்லாம் படிச்சு வச்சிருக்கோம்." சார் சிரித்தார். "இல்லம்மா. அவங்கவங்க ஆளுகன்னா அவங்கவங்க மனசு விட்டுப் பேசுவாங்க. உக்காரச் சொல்லுவாங்க, தண்ணி குடுப்பாங்க. இதுக்குத்தான் ராப்போன்னு பேரு. பாடத்துல படிச்சீங்கல்லா? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." ராப்போ என்பது ஆராய்ச்சி முறைகள் தாளில் வரும் சொல். கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே ஏற்படும் இணக்கம் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். தோழி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமோ அருவருப்போ அதில் இல்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவளின் பார்வை. பிறகு மேலத்தெரு டீமோடு போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

காலனியில் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. டிவி உண்டா, பைக் உண்டா, வீட்டில் முடிவெடுப்பது யார் என்று வரிசையாகக் கேட்டோம். சொன்னார்கள். ஒரு அக்கா பாதியில் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள். "ஏட்டி, இதெல்லாம் கெடக்கட்டும். ஒங்க வாத்தியாரு எங்கன இருக்காரு? அவரக் கூட்டியா. சுடுகாட்டுக்குப் போற பாதைய அடைச்சு வேலி போட்டிருக்கானுவ. ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்." போன மாதம் அவள் மாமியாரை வாய்க்காலுக்குள் இறங்கித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஓடினேன். சார் பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அது நம்ம கொஸ்டினேர்ல இல்லையேம்மா" என்றார். "நாம ஆராய்ச்சிக்கு வந்தவங்க. எந்தப் பக்கமும் சாயக்கூடாது. வேல்யூ நியூட்ரல். எழுதியிருக்கேல்லா?" எழுதியிருந்தேன். திரும்பிப் போய் அந்த அக்காவிடம், சார் வேலையாக இருக்கிறார் என்று சொன்னேன். "சரி தாயி, டீயக் குடி" என்றாள்.

தோழி என்னைவிட்டு எழுந்து போகவில்லை. போயிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள், அதே சிரிப்பு சிரித்தாள். ஆனால் திடீரென்று பக்திமானாகிவிட்டாள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி கோமதியம்மனுக்கு என்று மதியச் சாப்பாட்டை விட்டாள். "இன்னைக்கு வெரதம்ட்டி, நீ சாப்பிடு." விரதம் இல்லாத நாட்களில் துறைக்குப் பின்னால் வேறு தோழிகளோடு சாப்பிட்டாள். பேச்சில் ஒரு மரியாதை வந்திருந்தது. உங்க பக்கத்துல, உங்க வீடுகள்ல என்று பன்மையில் பேச ஆரம்பித்தாள். வீட்டில் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. ஆடி மாதம் வந்தது. ஊர் முழுக்க அம்மன் தபசுக்குக் கூட்டம் போனது. அவளும் அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஆடித்தபசுக்கு நான் வீட்டிலேயே இருந்தேன்.

என் சர்வே அறிக்கைக்குத்தான் சார் முதல் மதிப்பெண் போட்டார். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் பாராட்டும் எழுதியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கிணற்றடியில், டீக்கடையில், கல்யாண வீட்டில் பிரிக்கிறார்கள். அது தெரிந்த கதை. அதைப் படித்து, அதற்குப் பெயர் கற்றுக்கொண்டு, அந்தப் பெயரை வைத்தே எங்களைப் பிரித்த ஒரே இடம் சமூகவியல் துறை. அதுவரை எங்கள் வகுப்பில் சிலருக்குச் சிலரைத் தெரியாமல் இருந்தது. அந்தத் தெரியாமையில் கொஞ்சம் நிம்மதியாக வாழ்ந்தோம். பாடம் நடத்துகிறேன் என்று அதையும் அவர் தீர்த்துவைத்தார். இந்தப் பாடத்தை விட்டு ஓடிவிடலாம் என்று அழுதும் இருக்கிறேன். ஓடவில்லை. வீம்புக்கு முதுகலை படித்தேன்.

இப்போது அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக அதே தாளை நடத்துகிறேன். பிள்ளைகளிடம் ஊர் மேலநீலிதநல்லூர் என்றுதான் சொல்லியிருந்தேன். என் தெரு மறைக்கவேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எப்போது, யாரிடம், எந்த வாயால் சொல்வது என்பது என் கையில் இருக்கவேண்டும். இந்த வருஷத்துச் சர்வேயைத் தொடங்கிவைக்க, ஓய்வு பெற்ற சாரை முதல்வர் அழைத்திருந்தார். தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்து வந்தார். துறை அறையில் டீ கொடுத்துவிட்டு, "எங்க வருஷத்து சர்வே ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று எனக்குள் அத்தனை வருஷமாக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அத மறப்பேனா? ஒரு வீட்டுல மொகஞ் சுளிச்சாங்களா, ஒரு சின்னச் சலசலப்பு உண்டா, சொல்லு பாப்போம்? எம் பிளானிங் அப்படி."

மேடையிலும் அந்த பிளானிங்கைத்தான் பேசினார். தெருவுக்கேற்ற ஆளை அனுப்பவேண்டும் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இந்தா உக்காந்திருக்காளே ஒங்க மேடம், எம் மாணவி. அன்னைக்குக் காலனி டீம்ல இவதான் முன்ன நின்னா. அவங்க ஆளுககிட்ட இவ பேசுன மாதிரி வேற யாரும் பேசியிருக்க முடியாது." கண்ணில் உண்மையான பெருமிதம். அரங்கம் கைதட்டியது. தட்டிக்கொண்டே பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. முதல்வர் சொல்லி, நான்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

மறுநாள் ஆளுக்கொரு சீட்டாகத் தெருக்களின் பெயரை எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். யார் எடுக்கும் சீட்டில் எந்தத் தெரு வருகிறதோ அவர் அந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்றேன். வகுப்புத் தலைவி எழுந்தாள். நல்ல பெண், சந்தேகம் கேட்டு என்னை நச்சரிப்பவள். "மேம், நேத்து சார் சொன்னதுக்குப் பொறவு நாங்களே பேசிப் பிரிச்சிட்டோம். நீங்க காலனி டீமோட வந்துருங்க மேம். ஒங்களுக்கும் வசதியா இருக்கும்." அன்பாகத்தான் சொன்னாள். நான் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். "வீட்டுல கேட்டுட்டு வாரேன் மேம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பெஞ்சுக்குப் போனேன். அதற்கடுத்த பெஞ்சுக்கும் போனேன். காலனி டீம் என்று ஓரமாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடமும் நீட்டினேன். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்களே தவிர, ஒருவர்கூடச் சீட்டை எடுக்கவில்லை.