ஆறிட்டுது

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் நான் சுருக்கமாகச் சொல்வேன்: கேபிள் கொல்கிறேன். நிலத்துக்கடியில் போகும் உயரழுத்த மின்கேபிள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அறிய வேறு வழியில்லை. பழைய கேபிளில் மின்னோட்டம் விட்டுச் சூடேற்றுவேன், அதன் மேல் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவேன். வெடித்துக் கிழிந்தால் அந்தக் கிழிசலை வெட்டியெடுத்து ஆராய்வேன். கலாநிதிப் பட்டம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

வெட்டுவதற்கு என் அண்ணனை, நாங்கள் சொல்வதுபோல் நானாவை, கூட்டிப்போவேன். கிண்ணியாவில் வெல்டிங் கடை வைத்திருந்தார். “இத எத்தின தரம்தான் கொல்லுவாய் புள்ள?” என்று கேலி பண்ணுவார்.

எங்கள் வேலையில் ஆறுவது இரண்டு வகை. ஒன்று சூடு ஆறுவது. மற்றது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கேபிளுக்குள் தங்கி நிற்கும் மின்னை ஒரு கம்பியால் மண்ணுக்கு இறக்குவது. இரண்டுக்கும் ‘ஆறிட்டுது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தைத் தொடக்கியவன் நாசமாய்ப் போக.

அன்று துறைமுக மதிலோரம் கிடந்த பழைய கேபிளைச் சோதித்தோம். ஒரு முனையில் சோதனை வாகனம், அதை இயக்கும் லிங்கநகர்க்காரர். மறுமுனையில், குழிக்குள் நானா. சோதனை முடிந்து சூடு தணியக் காத்திருந்தோம். மண்ணுக்கு இறக்கும் கம்பியை எடுக்க நான் எங்கள் வான் வண்டிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து நானாவின் போன் அடித்தது.

“ஆறிட்டுதோ?” மறுமுனையிலிருந்து இயக்குபவர். அவர் கேட்டது மின்னை.

நானா புறங்கையால் கேபிளின் மேலுறையைத் தொட்டுப் பார்த்தார். “ஓம், பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு.”

“அப்ப வெட்டுங்கோ.”

கம்பியோடு நான் திரும்பும்போது நானா அறுக்கும் வாளைக் கேபிளில் வைத்துவிட்டார். வெடிச்சத்தம். கேபிள் தனக்குள் வைத்திருந்த மின்னை அவருக்குள் இறக்கியது. குழிச்சுவரில் மோதி விழுந்தார். கையிலிருந்து புகை வந்தது. தோல் வாளின் பிடியோடு ஒட்டிக் கிடந்தது.

முதலில் கம்பியைக் கேபிளில் கொளுவினேன். பிறகுதான் குழிக்குள் குதித்தேன். மிச்ச மின் இருந்தால் என்னையும் அடிக்கும், அப்படித்தான் செய்ய வேண்டும், ஆனாலும் அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

மூச்சில்லை. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமத்தினேன். விலா எலும்பு முறிந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. விடவில்லை. “மவுத்தாகிடாத நானா, உம்மாட்ட நான் என்னத்தச் சொல்ற” என்று கத்திக்கத்தி அமத்தினேன். இன்னொரு எலும்பும் போனது. அப்புறம் இருமினார்.

இயக்குபவர் ஓடி வந்து குழி விளிம்பில் நின்றார். “அவர்தானே ஆறிட்டுது எண்டவர்” என்றார். தலைக்கவசத்தைக் கழற்றி அவருடைய வாயிலேயே அடித்தேன். இரத்தம் வடிய வடிய அவர் நானாவின் காலைப் பிடித்துத் தூக்கினார்.

நானா பிழைத்தார். வலது கை மணிக்கட்டோடு போனது.

வீட்டுக்கு வந்த அன்று நானாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “ஆறிட்டுது, குடிங்க.”

நானா மிஞ்சிய கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

“தேத்தண்ணிதான் நானா” என்றேன்.

“நீ முதல்ல தொடு.”

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். நான் விழுகிறேனா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.