மொட்டை மாடியில் வாய்விட்டு எழுதிய நாவல்

அந்த நவம்பரில் மூன்று காரியங்களை ஒன்றாகத் தொடங்கினேன். ஒன்றைக்கூட உருப்படியாக முடிக்கத் தெரியாதவர்கள்தான் இப்படி மூன்றாகத் தொடங்குவார்கள்.

முதலாவது நடை. அம்பத்தூரில் எங்கள் தெருமுனை டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் வாசல்ல நிக்குதும்மா. உள்ள விடறதும் விடாததும் உங்க கையில" என்றார். அப்புறம் யோசித்து, "கையில இல்ல, கால்ல" என்று திருத்திக்கொண்டார். தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது பாட்டு. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாட ஆள் இல்லை. இருந்தவர்களில் ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார், இன்னொருவர் கோபித்துக்கொண்டு வேறு சர்ச்சுக்கே போய்விட்டார். பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க குரல் தனியா கேக்கவே கேக்காது சிஸ்டர். ஆல்டோவுக்கு அதான் வேணும்" என்றார். இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் நாவல். வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்தாளர் குழு. ஒரே மாதத்தில் ஒரு நாவல் எழுதிவிட வேண்டும் என்று அதில் ஒரு சவால். தினமும் ஆயிரத்தைந்நூறு வார்த்தை. எழுதியவர்கள் குழுவில் ஒரு தீப்பொறிப் படம் போட வேண்டும், எழுதாதவர்கள் அழுமுகப் படம் போட வேண்டும். குழுவை நடத்தியவர் தினமும் காலையில், "இன்று உங்கள் பேனா விழித்துவிட்டதா?" என்று கேட்பார். அவர் பேனா நாவல் எதையும் எழுதியதாகத் தெரியவில்லை. எங்களை எழுப்புவதிலேயே அதற்குப் பொழுது போய்விட்டது.

இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அவர் எதற்கும் ரொம்ப நேரம் யோசிப்பவர். காலையில் கட்டம் போட்ட சட்டையா கோடு போட்ட சட்டையா என்பதற்கே ஒரு காபி ஆறிப்போகும்.

"மூணையுமா?"

"மூணையும்தான்."

"அப்ப சமையல்?"

"கேழ்வரகுக் கூழும் காய்கறியும். எனக்கு சுகர்னா உங்களுக்கும் அதுதான். குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன்.

எனக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் இலக்கியம், ஆரோக்கியம், சங்கீதம் மூன்றும் வாசலில் வரிசையில் நிற்கும். நடந்துவிட்டு வந்தால் எழுத உட்காரும்போது தூக்கம் வரும். எழுதிவிட்டு எழுந்தால் கால் மரத்துப் போயிருக்கும். பாட்டுப் பயிற்சிக்குப் போனால் இரண்டும் போச்சு. முதல் வாரம் முழுக்கக் குழுவில் அழுமுகம்தான் போட்டேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் மழை என்றால் தெரு இருக்காது. வீட்டு வாசல்படி வரை தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கும். அதுவரை நடந்துகொண்டிருந்த ஏரிக்கரைக்குப் போகும் பேச்சே இல்லை. மொட்டை மாடியில் பாதிக்குத் தகரக் கூரை போட்டிருந்தோம். அதன் கீழே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தேன்.

அங்கேதான் எனக்கு ஞானோதயம் வந்தது. செல்போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே! நடந்துகொண்டே நாவலைச் சொல்லிவிட்டால் என்ன? ஒரே நேரத்தில் காலும் நடக்கும் கதையும் நடக்கும். நடுநடுவே மூச்சு வாங்கும்போது ஆல்டோவை முனகிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்த அன்று என்னை நானே ரொம்ப மெச்சிக்கொண்டேன்.

செல்போன் தன் பங்குக்கு நாவலில் கைவைத்தது. கதாநாயகியின் கண்ணில் கண்ணீர் பொங்கியது என்று சொன்னால் கிணற்றில் தண்ணீர் பொங்கியது என்று எழுதும். நான் முனகிய லாலாலாவையெல்லாம் வார்த்தை என்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். அவற்றை நான் அழிக்கவில்லை. தினசரிக் கணக்குக்கு அவை உதவின. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு முழுப் பக்கம் லாலாலாதான். நவீன உத்தி என்று யாராவது சொல்லமாட்டார்களா என்ன.

கதை இதுதான். ஒரு மனைவி. அவள் கணவன் தினமும் ஆபீஸிலிருந்து தாமதமாக வருகிறான். சட்டையில் பெயர் தெரியாத ஒரு வாசனை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியுடன் அவனுக்குப் பழக்கம். மனைவி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வாயைத் திறக்காமல் வேகிறாள். இதை அவளே தன் வாயால் சொல்வதுபோல எழுதினால் உருக்கமாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் நாவல் முழுக்க "நான்", "என் வீட்டுக்காரர்".

எங்கள் பகுதியில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே கை நீட்டினால் குழம்புக் கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டடத்தின் மேல்வீட்டில் ஒரு பெண். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் நடக்கிற நேரத்துக்குத்தான் அவள் துணி காயப்போட வருவாள். ஒரு நைட்டியை உதறிக் கொடியில் போடுவதற்குள் நான் ஒரு அத்தியாயம் முடித்துவிடுவேன். மழைக்காலத்தில் துணி லேசில் காயாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தூக்குவாளியை நீட்டினாள்.

"இந்தாக்கா. கறிக் கொயம்பு. சாப்டு."

"எனக்கு எதுக்கும்மா?"

"ஒடம்ப பாத்துக்கோ. நீ இளச்சிப் பூட்டா ஆருக்கு இன்னா நஷ்டம்? உனுக்குத்தான்."

நான் இளைத்திருக்கிறேன் என்று ஒருத்தி பார்த்துச் சொல்லிவிட்டாள்! அந்த மகிழ்ச்சியில் டாக்டரை மறந்து, சோறு போட்டு அந்தக் குழம்பை முழுக்கச் சாப்பிட்டேன். அதிலிருந்து வாளி அடிக்கடி வந்தது.

பாட்டுக்குழுவிலும் என் மதிப்பு உயர்ந்தது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு நாற்காலி கிடைக்கும், சூடான டீ கிடைக்கும். ஒரு சனிக்கிழமை பாஸ்டரம்மா என் தோளில் கைவைத்து, "இரண்டாவது பாட்டுல முதல் சரணத்தை நீங்க தனியா பாடுங்க சிஸ்டர். மனசுல இருக்கறது எல்லாம் பாட்டா வெளிய வரட்டும்" என்றார். தனியாகக் கேட்காத குரல் என்று என்னைச் சேர்த்தவர் அவர்தான். பயிற்சியில் என் குரல் அவ்வளவு தேறிவிட்டது என்று நம்பினேன்.

வீட்டுக்காரருக்குத்தான் நேரம் சரியில்லை. "ஏம்மா, இஸ்திரிக்காரர் என் சட்டைய மோந்து பாக்கறாரு" என்றார் ஒரு நாள். இன்னொரு நாள், "சர்ச்ல எனக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்லமாட்டேங்கறாங்க. நான் சொன்னாலும் வேற பக்கம் பாக்கறாங்க" என்றார்.

"உங்க தலைச்சாயம்தான் காரணம். ரொம்பக் கறுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அன்று என் கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறும் கட்டம். அழுதுகொண்டே சொன்னேன். பக்கத்து மாடியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஜலதோஷ காலம்.

அடுத்த ஞாயிறு மாலை பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். தண்ணீரில் நடந்து வந்ததில் பாஸ்டரின் பேண்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. பஜ்ஜி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். பாஸ்டர் பஜ்ஜியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. என்னவோ பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

பாஸ்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பிரதர், சோதனை எல்லாருக்கும் வரும். ஒளிச்சு வெச்சா பாரம், சொல்லிட்டா விடுதலை" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. வழக்கமாக யோசிப்பவர், அன்று யோசிக்கவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் பாஸ்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைச் சொல்கிறார் இவர்? பாஸ்டரம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா பிரதர்?"

"இந்த மாசம்தான்."

"அடிக்கடியா?"

"தினமும் சாயங்காலம். வீட்டுக்கு வர்ற வழியில. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல."

"ஆண்டவரே" என்றார் பாஸ்டரம்மா.

"தப்புதான். வீட்டுல கிடைக்கல, அதனால போனேன். இவ கிட்ட மெட்ரோ வேலை, ரோடு அடைச்சிருக்குன்னு பொய் சொன்னேன்."

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க பிரதர்?"

"கரையான்சாவடி. பாய் கடையில."

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். "கடையிலயா?"

"பிரியாணி பாஸ்டர். முதல்ல அரை பிளேட்தான் சாப்பிட்டேன். இப்ப முழு பிளேட். இவ தினமும் கூழ் ஊத்தறா. எனக்கு சுகரே இல்ல. இருக்கா இல்லையான்னு யாரும் பாக்கவும் இல்ல."

பாஸ்டரம்மா என் கையை விட்டுவிட்டு, "அப்ப அந்த ஆபீஸ் பொண்ணு?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு? எங்க ஆபீஸ்ல பொண்ணுங்களே கிடையாதே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துணி காயப்போடும் பெண், கறிக்குழம்பு, டீ, தனிச் சரணம் என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. பக்கத்துக் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருப்பது எங்கள் பாட்டுக்குழு அம்மா ஒருவர். மேல்வீட்டுக்குக் கேட்டது கீழ்வீட்டுக்கு இறங்கி, அங்கிருந்து சர்ச்சுக்கு நடந்து போயிருக்கிறது. நான் தினமும் மாடியில் யாரிடமோ போனில் புலம்புவதாகத் தெருவே நம்பியிருக்கிறது.

செல்போனை எடுத்து நாவலைக் காட்டினேன். பாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தார். "என் வீட்டுக்காரர் இன்றும் தாமதம். சட்டையில் யாரோ ஒருத்தியின் வாசனை. ஏய் காக்கா போ போ. கிணற்றில் தண்ணீர் பொங்கியது. லாலாலா லாலாலா." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பஜ்ஜி போடச் சொன்னார்.

கிளம்பும்போது பாஸ்டரம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "எழுதுங்க சிஸ்டர், ஆண்டவர் குடுத்த நல்ல தாலந்துதான். ஆனா அந்தத் தனிச் சரணத்தை மேல்குரல் பாடற சொப்ரானோவே பாடட்டும்."

மறுநாள் மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்குப் போய்விட்டிருந்தது.

"இன்னாக்கா நீ? நெசம்னு நெனச்சி நா தூங்காம கெடந்தேன். எங்க ஊட்டுக்காரு இஸ்திரிக்காரராண்ட கூட சொல்லி வச்சிட்டாரு. கதையா வுட்டுகினு இருந்தே?"

"மன்னிச்சுக்கம்மா. வாளிய கழுவி வெச்சிருக்கேன்."

"வாளி கெடக்குது. அந்தாளு திரும்பி வரானா இல்லியா, அத்த சொல்லு."

"இன்னும் முடிவு பண்ணல."

"சேத்துக்காத. சொல்லிட்டேன். சேத்துகினா நா ஒன்னாண்ட பேசமாட்டேன்."

என் முதல் வாசகி இப்படி மிரட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அதற்கப்புறம் மாடியில் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. மீதி நாவலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரலால் தட்டினேன். மாதக் கடைசியில் லாலாலாக்களின் தயவில் கணக்கு நிறைந்தது. குழு எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியது. அதில் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். சுகர் இறங்கவில்லை. கறிக்குழம்பு அதன் வேலையைச் செய்திருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கடைசி வரிசையில் நின்று, யாருக்கும் கேட்காமல், பிழையே இல்லாமல் பாடினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நாவலை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். லாலாலாவைக்கூட விடாமல் முழுக்கப் படித்தார். தன்னை ஊர் சந்தேகப்பட்டதற்கு என்மேல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் புரியல. கதை பூரா அவன் லேட்டா வர்றான். அவ பாட்டுக்கு அழறா, வீட்டை விட்டுப் போறா. ஏன் லேட்டுன்னு ஒரு தடவைகூட அவன கேக்கவே இல்லையே?"

அப்படிக் கேட்டிருந்தால் நாவல் முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தேன்.

"அந்தக் கடையில என்ன பிரியாணிங்க நல்லா இருக்கும்?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். மட்டனா சிக்கனா என்று அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. காத்திருந்தேன்.