ஐயாவுக்கு நான் எடுத்த இருவழிச் சீட்டு

இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு முறை தாள் வாங்கி வந்து, முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டேன். சித்தப்பா மனம் நோகுமே என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவரும் போன ஐப்பசியில் சிவபதம் அடைந்துவிட்டார். எங்கள் ஐயாவின் முதலாண்டு நினைவு நாளில் உறவினராகிய உங்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுத்துவிட்டு, இதைச் சொல்லாமல் விட்டால் திருக்கோகர்ணத்து அம்மன் சந்நிதியில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

எங்கள் ஐயா அன்னவாசலில் பிறந்தவர்கள். தகப்பனை இழந்த பிள்ளையாக, பிழைப்புத் தேடி இளவயதிலேயே கண்டிச் சீமைக்குக் கப்பலேறி, ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக முப்பது வருஷம் இருந்தார்கள். அட்டை கடிக்கிற மலைப்பாதையில், மழையென்றும் பாராமல், மருந்துப் பெட்டியோடு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்தவர்கள். ஒரே மகனான என்னைப் படிப்புக்காகச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது வேறு கதை. எங்கள் ஆத்தா அங்கேயே காய்ச்சலில் இறந்து, தோட்டத்து மேட்டில் அடக்கமானார்கள்.

நமது புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், என் கல்யாணத்தை நடத்த ஐயா ஊர் வந்தார்கள். இரண்டு வருஷம் இருந்தார்கள். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, "எனக்கு ஒரு டிக்கெட் எடுப்பா. போறதுக்கு மட்டும் எடு. கடைசிக் காலத்தை ஒங்க ஆத்தாகிட்ட, அங்கிட்டே கழிச்சிக்கிறேன்" என்றார்கள். எனக்குக் கோபம். சிறுவயதில் விட்டுப் போனவர், இப்போதும் விட்டுப் போகிறாரே என்று.

சித்தப்பாவுக்கோ வேறு கோபம். "போறதுக்கு மட்டும் சீட்டு எடுத்து அனுப்ப ஒங்கய்யா என்ன பாடையிலயாடா போறாரு? மூத்தவரை அப்பிடி அனுப்புனா குடும்பத்துக்கு ஆகுமா? ஊரு காறித் துப்பும்டா. போக வர ரெண்டுக்கும் எடு!" என்றார். வழியனுப்பும்போது திரும்பி வரும் பேச்சு இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை ரயில் சீட்டிலும் கப்பல் சீட்டிலும் கொண்டுபோய் வைத்தோம். ஐயாவைக் கேட்காமல் இருவழிச் சீட்டே எடுத்தேன். புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயில் புறப்படும் நேரத்தில் கையில் கொடுத்தேன். பார்த்தார்கள். மடித்து மடியில் செருகிக்கொண்டார்கள்.

அக்கரையில் இறங்கிய இடத்தில் ஒரு அதிகாரி. ஐயா முப்பது வருஷம் அங்கே குடியிருந்ததற்கான காகிதங்களை எல்லாம் எடுத்து வைத்தார்கள். அந்த மனிதர் சீட்டை மட்டும் பார்த்தாராம். "குடியிருக்க வர்றவரு எதுக்குப் பெரியவரே திரும்பிப் போகச் சீட்டு எடுக்கிறாரு? நீங்க விருந்தாளி. ஒரு மாசம் இருந்துட்டுக் கெளம்புங்க" என்று முத்திரை குத்திவிட்டார். முப்பது வருஷம் அந்த மண்ணில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் மருந்து கொடுத்த கை, விருந்தாளியின் கையாம்! இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மாதம் முடிந்து ஐயா வந்து இறங்கினார்கள். "என்னங்கய்யா, வந்துட்டீங்க?" என்றேன். "நீ எடுத்த சீட்டுலதாம்ப்பா வந்தேன்" என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின் மேலே சொன்னதை எல்லாம் சொன்னார்கள். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது ஊர்தான், அதுவும் ஐயாவை. குடுமியான்மலையில் ஒரு கல்யாணப் பந்தியில், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், ஐயா காதில் விழும்படியே பேசினார்.

"ஆஸ்பத்திரி மருந்தைத் திருடி வித்துட்டாராமுல்ல? அதான் வெரட்டி விட்டுட்டாங்க."

"அப்பிடியா! நம்ம கம்பவுண்டரா? பூனை கணக்கால்ல இருந்தாரு!" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

ஐயா இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். சித்தப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால், சகுனம் பார்த்து ஒரு கிழவரின் காரியத்தைக் கெடுத்தவன் என்று என்னைச் சிரிப்பார்களே என்ற பயம். சிரித்தவர்களைவிட நான் என்ன உயர்ந்தவன்?

மறுவருஷம் ஐயா தாமே போய் ஒருவழிச் சீட்டு எடுத்தார்கள். கப்பலுக்கு முன் சோதனை நடக்கும் மண்டபம் முகாம் வரை நான் கூடப் போனேன். அங்கே சோதனை செய்தவர், "திரும்பி வரச் சீட்டு எங்க பெரியவரே? அங்க எறக்க மாட்டேன்னுட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"திரும்பி வரச் சீட்டு வச்சிருந்தப்பத்தான் சாமி திருப்பி அனுப்புனாங்க. இப்ப நான் குடியிருக்கப் போறேன்" என்றார்கள் ஐயா.

அவர் சிரித்துக்கொண்டே போக விட்டுவிட்டார். அக்கரையிலும் அந்தக் காகிதங்களையே பார்த்து, இந்த முறை இறங்க அனுமதித்தார்கள். காகிதம் ஒன்றே, மனிதர் ஒருவரே; சீட்டுத்தான் வேறு. பிறகு பதினோரு வருஷம், சம்பளம் கேட்காமல் அதே தோட்டத்தில் புண் கழுவி, மருந்து கொடுத்து இருந்தார்கள். திருட்டுப் பட்டம் கட்டினவர்களே, மருந்து திருடியவனைத் தோட்டம் மறுபடி மருந்து அறைக்குள் விடுமா? ஒரு நாளாவது யோசித்தீர்களா?

சென்ற ஆண்டு தந்தி வந்தபோது எனக்கு அனுமதிக் காகிதம் கிடைக்கவில்லை. ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. என் இடத்தில் நின்று மண் தள்ளிய லயத்துப் பெரியவருக்கும், இரவும் பகலும் கஞ்சி ஊட்டிய அவர் மனைவிக்கும், ஆத்தாவின் பக்கத்திலேயே இடம் விட்டுக் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் ஏழு பிறவிக்கும் கடன்பட்டது. இறைவன் அவர்களை நன்றாக வைக்கட்டும்.

உற்றார் உறவினரே, இதை வாசித்தபின் பந்தியிலோ பஸ்ஸிலோ ஐயா பேச்சு வந்தால், இங்கே எழுதியிருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் திருடவில்லை. தோட்டத்தில் யாரும் அவர்களை விரட்டவில்லை. என்மேல் இரக்கப்பட்டு, "பாவம், சித்தப்பா சொல்லித்தான் எடுத்தான்" என்றும் மாற்ற வேண்டாம். என் தகப்பனார் கேட்டது ஒரு சீட்டு. நான் எடுத்தது வேறு சீட்டு. பந்தியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனும் நானே. அப்படியே சொல்லுங்கள்.