வெளிறிய சிவப்பு

மகனின் சைக்கிளுக்குக் கோடையில் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தேன். தனக்கும் வேண்டும் என்று மகள் அழுதாள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரி வீட்டின் பின்வளவில், மழை விட்ட ஈரத்திலேயே அவளுடையதற்குச் சிவப்பு ஸ்பிரே அடித்தேன். சற்று நேரத்தில் சிவப்பின் மேல் வெண்மை படர்ந்து மங்கிவிட்டது.

அந்தப் பெயிண்ட் மணம் என்னை யாழ்ப்பாணத்துக்கு, அப்பாவின் கராஜுக்கே கொண்டுபோனது. மாரி மழைக்குள் அவர் அடித்த என் சைக்கிளும் இப்படித்தான், பால் ஊற்றியதுபோல் வெளிறியது. அக்காவின் சைக்கிளுக்கு மட்டும் வெயில் வரும்வரை காத்திருந்தார். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கோயிலடியில் எல்லோரும் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும். இன்றும் எரிகிறது.

இங்கேயே நோர்பரியில் இருக்கும் அக்காவுக்கு, 'அப்பா எனக்கு அடிச்ச மாதிரியே வெளிறிப்போச்சு' என்று எழுதிப் படம் அனுப்பினேன். உடனே போன் எடுத்தாள்.

"ஈரத்துக்க அடிச்சா வெளிறுமெண்டு அப்பாவுக்குத் தெரியாதே? நீ அழுதாய், அந்த மனுசன் பொறுக்கேலாமல் அடிச்சவர். நான் கேட்டதுக்கு, வெயில் வரட்டும் எண்டிட்டார். எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமே?"

"எண்டாலும் மினுங்கினது உங்கட சைக்கிள்தானே, அக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் பின்கதவில் நின்று சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தம்பின்ர மட்டும் ஏன் மினுங்குது?"