வாஷிக்கு நேரடி ரயில்

போன வாரம் மும்பை தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியர்களுக்கு ஏஐ கற்றுக்கொடுக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் முன்பு பெருமையாக எழுதியும் இருக்கிறேன். இப்போது... அலுப்பாக இருக்கிறது.

ஆறாம் வகுப்பு டீச்சர் வாசுகி என்னிடம் பயிற்சி எடுத்தவர். என்ன பலன் என்று பார்க்க, சமூக அறிவியல் வீட்டுப்பாட நோட்டுகளைக் கேட்டு வாங்கினேன்.

‘சயானிலிருந்து வாஷிக்கு ரயிலில் எப்படிப் போவாய்?’ என்று ஒரு கேள்வி. சயான், பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷன். அநேகமாக எல்லா நோட்டிலும் ஒரே விடை — நேரடி ரயில் உண்டு.

எந்த ரயில்? குர்லாவில் இறங்கி, வாஷி போகும் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறாமல் அங்கே போனவர் யார்? பிள்ளைகள் அப்பாவின் போனில் ஏஐயைக் கேட்டு, வந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

சரி, பிள்ளைகள். ஆனால் அத்தனைக்கும் சிவப்பு டிக் விழுந்திருக்கிறதே? டீச்சரின் விடைக்குறிப்பும் ஏஐ தயாரித்தது. நான் சொல்லிக்கொடுத்த வித்தைதான். கூத்து என்னவென்றால், வாசுகியின் வீடே வாஷியில். தினமும் குர்லாவில் மாறித்தான் பள்ளிக்கு வருகிறார்.

“எம்பது நோட்டு சார். ஆன்சர் கீயப் பக்கத்துல வச்சுக்கிட்டு டிக் போட்டுட்டே போயிட்டேன். டைம் கிதர் ஹை? நேரம் எங்க சார் இருக்கு?” என்றார்.

கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. தெம்பும் இல்லை.

ஒரே ஒரு நோட்டில் மட்டும் சிவப்பு இன்ட்டு. ‘குர்லாவில் மாற வேண்டும்’ என்று எழுதிய ஜெனியின் நோட்டு. அவள் அம்மாவுக்கு வாஷி மார்க்கெட்டில் வேலை; லீவு நாட்களில் இவளும் கூடவே போவாள். இன்ட்டுக்குக் கீழே பிழைதிருத்தம் — ‘நேரடி ரயில் உண்டு’ என்று மூன்று முறை, அழகான கையெழுத்தில்.

அவளைக் கூப்பிட்டேன்.

“வாஷிக்கு நீ எப்படிம்மா போவ?”

“குர்லால மாறித்தான் சார்.”

“அப்ப இது என்ன?”

“அது போறதுக்கு சார். இது மார்க்குக்கு.”

வாசுகி நோட்டை வாங்கி, இன்ட்டை அடித்துவிட்டு டிக் போட்டார். “நீ எழுதுனதுதான் சரி ஜெனி. நான்தான் தப்பு. பரீட்சையிலயும் உனக்குத் தெரிஞ்சதையே எழுது” என்றார்.

ஜெனி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“பரீட்சை பேப்பர நீங்களே வாசிப்பீங்களா டீச்சர்?”

“வாசிப்பேன்.” என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஏஐ பற்றி என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். உருப்படியான கேள்வி இது ஒன்றுதான்!